கோடு எழுத வேண்டாம், கோடு இழுத்தால் போதும்: லேப்வியூ கற்க எங்கே தொடங்குவது?

ராஜபாளையத்துக்குத் தெற்கே இருக்கும் தளவாய்புரம் என்றதும் நினைவுக்கு வருவது நைட்டி. அங்கே ஒரு தையல் யூனிட்டில் வேலை எப்படி நகர்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கட்டிங் முடிந்த துணி கட்டுக் கட்டாகப் போகிறது. ஒரு மெஷினில் கை தைக்கிறார்கள். இன்னொரு மெஷினில் கழுத்துக்கு பைப்பிங் ஓடுகிறது. இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. ஆனால், கையையும் உடம்பையும் சேர்த்துத் தைப்பவர் மட்டும் இரண்டு துண்டும் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். வந்த உடனே அவர் மெஷின் ஓடும்.

இதே முறையில் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் ஓடினால்? அப்படி ஒன்று 1986-லேயே வந்துவிட்டது. பெயர் லேப்வியூ. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஜேம்ஸ் ட்ருச்சார்ட், ஜெஃப் கொடோஸ்கி, பில் நவ்லின் மூவரும் 1976-ல் தொடங்கிய நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. 2023-ல் அந்த நிறுவனத்தை எமர்சன் சுமார் 820 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. முதலில் ஆப்பிள் மேக்கின்டோஷில் மட்டும்தான் லேப்வியூ ஓடியது. காரணம் எளிது: படம் வரைந்து புரோகிராம் செய்ய அந்தக் காலத்தில் வசதியான மெஷின் அதுதான்.

பைத்தானிலோ சி-யிலோ முதல் வரி, இரண்டாவது வரி என்று மேலிருந்து கீழே வேலை நடக்கும். லேப்வியூவில் வரிகளே கிடையாது. பெட்டிகள் இருக்கும், பெட்டிகளை இணைக்கும் வயர்கள் இருக்கும். ஒரு பெட்டிக்கு வர வேண்டிய எல்லா மதிப்புகளும் வந்த பிறகுதான் அது வேலை செய்யும். வயரால் இணைக்கப்படாத இரண்டு பெட்டிகளில் எது முதலில் ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கை தைப்பவரும் பைப்பிங் அடிப்பவரும் மாதிரிதான். இதற்கு டேட்டா ஃப்ளோ என்று பெயர்.

கிருஷ்ணன்கோவில், ராஜபாளையம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் இன்ஸ்ட்ருமென்டேஷன், இ.இ.இ., இ.சி.இ. படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாகவே இருக்கும். லேபில் நாலு வயர் இழுத்து, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கி, மறந்தும் போயிருக்கும். வேலை தேடும்போது டெஸ்ட் இன்ஜினீயர் விளம்பரத்தில் திரும்பவும் கண்ணில் படும். ‘உடனே கோர்ஸ் சேரணுமா, எவ்வளவு செலவாகும்?’ என்ற கேள்வி அப்போது வரும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயர் இழுப்பதை இரண்டு வாரக் கடைசியில் நீங்களே கற்றுக்கொள்ளலாம். திரையில் தெரியும் எண்ணை நம்பலாமா என்று சொல்லத் தெரிவதற்குத்தான் நாள் பிடிக்கும். சம்பளமும் அதற்குத்தான்.

‘வெர்ச்சுவல்’ என்றால் பொய்க் கருவியா?

இல்லை. உங்கள் கையில் இருக்கும் போனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அசைவை அறியும் சென்சார் ஒன்று இருக்கிறது. ஒரு ஆப் அதை வைத்து நடந்த அடிகளை எண்ணுகிறது. இன்னொரு ஆப் அதையே கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமாக மாற்றுகிறது. சென்சார் ஒன்றுதான். அது என்ன கருவி என்பதை முடிவு செய்வது மென்பொருள். இதுதான் வெர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்ட்.

பழைய ஆஸிலோஸ்கோப்பில் சிக்னலை வாங்குவது, கணக்குப் போடுவது, திரையில் காட்டுவது மூன்றும் ஒரே பெட்டிக்குள் கட்டப்பட்டிருக்கும். கம்பெனி வைத்த பட்டன்கள்தான் உங்களுக்கு. வெர்ச்சுவல் கருவியில் சிக்னலை வாங்கும் பகுதி மட்டும் ஹார்டுவேர். கணக்கும் திரையும் உங்கள் லேப்டாப்பில். பட்டன் எங்கே இருக்க வேண்டும், எத்தனை டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் ஹாட்ரான் மோதுவியில் துகள் கற்றையைச் சீராக்கும் கொலிமேட்டர்களை நகர்த்தும் கட்டுப்பாட்டில் லேப்வியூ இருக்கிறது. 2006-ல் வந்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்எக்ஸ்டி பொம்மை ரோபோவின் மென்பொருளும் இதன் மேல் கட்டப்பட்டதுதான்.

முதல் ஒரு மணி நேரம்

போனில் இதை இன்ஸ்டால் செய்ய முடியாது, லேப்டாப் வேண்டும். நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தளத்தில் ஒரு கணக்கு தொடங்கி ‘கம்யூனிட்டி எடிஷன்’ என்பதை இறக்கிக்கொள்ளுங்கள். 2020 முதல் இது இலவசம். பெரிய ஃபைல், மொபைல் டேட்டாவில் முயலாதீர்கள். இந்த இலவசத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைப் பிறகு பார்க்கலாம்.

புதிய விஐ ஒன்றைத் திறந்தால் இரண்டு ஜன்னல்கள் வரும். லேப்வியூ புரோகிராமுக்கு விஐ என்று பெயர், வெர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்ட் என்பதன் சுருக்கம். சாம்பல் நிறத்தில் இருப்பது பிரன்ட் பேனல், அதாவது கருவியின் முகம். குமிழ், மீட்டர், வரைபடம் எல்லாம் அங்கே. வெள்ளையாக இருப்பது பிளாக் டயகிராம், கருவியின் வயிறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக கன்ட்ரோல் பட்டனோடு ‘ஈ’.

முகத்தில் ஒரு எண் கன்ட்ரோல் வையுங்கள். ‘வோல்ட்’ என்று பெயரிடுங்கள். ஒரு தெர்மாமீட்டர் இண்டிகேட்டர் வையுங்கள். வயிற்றில் இரண்டுக்கும் தனித்தனி முனைகள் தோன்றியிருக்கும். நடுவில் பெருக்கல் பெட்டியைப் போட்டு, ஒரு முனையில் வோல்ட், இன்னொரு முனையில் 100 என்ற மாறிலி, வெளியே தெர்மாமீட்டர். ரன் அம்பை அழுத்துங்கள். 0.3 கொடுத்தால் 30 காட்டும். ஏன் 100? எல்எம்35 என்ற மலிவான வெப்பநிலை சென்சார் ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். அதன் வோல்ட்டை 100-ஆல் பெருக்கினால் டிகிரி செல்சியஸ் வந்துவிடும். அவ்வளவுதான், ஒரு கருவி செய்துவிட்டீர்கள்.

அம்பு உடைந்த மாதிரி தெரிந்தால் எங்கோ தப்பு இருக்கிறது. அந்த உடைந்த அம்பையே அழுத்துங்கள், என்ன தப்பு என்று பட்டியல் வரும். வயர்களின் நிறத்தைக் கவனிக்கப் பழகுங்கள்: தசம எண் ஆரஞ்சு, முழு எண் நீலம், ஆம்–இல்லை பச்சை, எழுத்து இளஞ்சிவப்பு. பிளாக் டயகிராம் மேலே இருக்கும் பல்பு படத்தை அழுத்திவிட்டு ஓட்டினால், மதிப்புகள் வயர் வழியாக ஊர்ந்து போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லேப்வியூவில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான். டேட்டா ஃப்ளோ பற்றிப் பத்துப் பக்கம் படிப்பதைவிட அந்தப் பல்பை ஒருமுறை அழுத்துவது மேல்.

தொடர்ந்து ஓட வேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஒரு வைல் லூப்புக்குள் அடைத்து, ஸ்டாப் பட்டன் ஒன்றை இணைக்க வேண்டும். உள்ளே ‘வெயிட்’ பெட்டி வைத்து 500 மில்லிசெகண்ட் கொடுங்கள். மறந்தால் லூப் முழு வேகத்தில் சுற்றும், லேப்டாப் ஃபேன் அலறும். நிறுத்துவதற்கு நீங்கள் வைத்த ஸ்டாப் பட்டனையே பயன்படுத்துங்கள். மேலே சிவப்பாக இருக்கும் அபார்ட் பட்டன், ஓடுகிற மெஷினின் பிளக்கைப் பிடுங்குவது மாதிரி. யுஎஸ்பி போர்ட் மூடப்படாமல் மாட்டிக்கொள்ளலாம், அடுத்த முறை ‘போர்ட் வேறு வேலையில் இருக்கிறது’ என்று அடம்பிடிக்கும்.

இன்னொன்று. போர்ட்டைத் திற, படி, மூடு என்று மூன்று பெட்டிகள் இருந்தால் அவற்றின் வரிசையை இடமிருந்து வலமாக அடுக்கியதால் மட்டும் காப்பாற்ற முடியாது. வயர்தான் வரிசை. அதற்காகவே பெரும்பாலான பெட்டிகளில் எரர் வயருக்கு ஒரு நுழைவும் ஒரு வெளியேற்றமும் வைத்திருக்கிறார்கள். அதை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழுத்தால், முந்தைய வேலை முடியாமல் அடுத்தது தொடங்காது.

மில்லுக்குள் ஒரு பயிற்சி

இனி நிஜ அளவீடு. ராஜபாளையத்தில் நூற்பாலைகள் 1930-களில் இருந்து இருக்கின்றன. பருத்தி நூற்பில் காற்றின் ஈரப்பதம் பெரிய விஷயம். ரிங் ஃபிரேம் பகுதியில் சுமார் 55 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். குறைந்தால் நூல் அடிக்கடி அறும், பஞ்சு பறக்கும். கூடினால் இழை ரோலரில் சுற்றிக்கொள்ளும். இரண்டிலும் பாடுபடுவது ஃபிரேமுக்கும் ஃபிரேமுக்கும் இடையே ஓடி ஓடி நூலைச் சேர்ப்பவர்கள்தான்.

இந்த ஈரப்பதத்தை அளக்கும் பழைய வழி இரண்டு தெர்மாமீட்டர்கள். ஒன்று உலர்ந்தது. இன்னொன்றின் முனையில் நனைந்த துணித் திரி. காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குத் தண்ணீர் ஆவியாகி, நனைந்த தெர்மாமீட்டர் குளிரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் இருந்து ஈரப்பதம் கணக்கிடலாம். அதையே ஒரு ஆர்டுயினோ ஊனோ, இரண்டு எல்எம்35, லேப்வியூ வைத்துச் செய்யலாம். ஆர்டுயினோவோடு பேசுவதற்கான லின்க்ஸ் என்ற தொகுப்பு கம்யூனிட்டி எடிஷனிலேயே வரும். திரிக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியே போதும். சென்சாரின் கால்களில் தண்ணீர் படாமல் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுக்கொள்ளுங்கள்.

வரைபடம் அழகாக ஓடும். இரண்டு கோடுகள், கீழே சதவீதம், பச்சை விளக்கு. சரி, அந்த எண் சரியா?

ஊனோ 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். எல்எம்35-ல் அது கிட்டத்தட்ட அரை டிகிரி. ஆக 30.0, 30.5 என்று தாவித் தாவித்தான் படிக்கும். அரை டிகிரிதானே என்று விட முடியாது. உலர்ந்தது 30, நனைந்தது 24 என்றால் ஈரப்பதம் சுமார் 61 சதவீதம். நனைந்தது 24.5 என்று காட்டினால் அதுவே சுமார் 64 ஆகிவிடும். நமக்கு வேண்டிய இடைவெளியே ஐந்து சதவீதம். அதில் மூன்றை ஒரே படி விழுங்கிவிட்டது. திரையில் இரண்டு தசமம் காட்டச் சொன்னால் லேப்வியூ தாராளமாகக் காட்டும். அதில் அர்த்தம் இருக்கிறதா என்று அது கேட்காது.

இன்னொரு இடத்திலும் எண் ஏமாற்றும். 5 வோல்ட் என்று நாம் கணக்கில் போடுவது யுஎஸ்பி கேபிளில் இருந்து வருகிறது. நீளமான மலிவான கேபிள் என்றால் 4.7 வோல்ட் ஆகவும் இருக்கலாம். அப்போது அறை 30 டிகிரியில் இருந்தாலும் உங்கள் கருவி 32-க்குப் பக்கத்தில் காட்டும். ஒரு மல்டிமீட்டர் எடுத்து அந்த 5 வோல்ட்டை அளந்து, உண்மையான எண்ணைக் கணக்கில் போடுங்கள். ஒரு நிமிட வேலை.

அடுத்தது டம்ளர் சோதனை. இரண்டு சென்சாரையும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரே டம்ளர் தண்ணீருக்குள் ஒட்டினாற்போல் அரை மணி நேரம் வையுங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். காட்டாது. ஒன்று 0.6 டிகிரி கூடுதலாகக் காட்டினால், அந்த 0.6-ஐ விஐக்குள் கழிக்க ஒரு பெட்டி வையுங்கள். நூறு அளவுகள் எடுத்துச் சராசரி பார்த்தால் எண்ணின் நடுக்கம் குறையும். ஆனால் இந்த 0.6 மாதிரியான நிலையான பிழையைச் சராசரி தொடவே தொடாது. ஆயிரம் அளவு எடுத்தாலும் அப்படியே நிற்கும்.

இன்னும் நுணுக்கம் வேண்டுமா? ஆர்டுயினோவில் நீங்களே புரோகிராம் எழுதினால், 5 வோல்ட்டுக்குப் பதில் சிப்புக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட்டை அளவுகோலாக வைக்கலாம். படி 0.1 டிகிரியாகச் சிறுத்துவிடும். அந்த 1.1-உம் சிப்புக்குச் சிப்பு மாறும், அதையும் அளந்துதான் போட வேண்டும். நனைந்த திரியின் மேல் சின்ன ஃபேன் ஒன்று காற்று வீச வேண்டும். நின்ற காற்றில் அது முழுதாகக் குளிராது, ஈரப்பதம் அதிகமாகத் தெரியும்.

‘ஈரப்பதத்தை நேரடியாகவே சொல்லும் ரெடிமேட் சென்சார் கிடைக்குதே, எதுக்கு இவ்வளவு பாடு?’ என்று கேட்கலாம். நியாயம்தான். மில்லுக்கு வேண்டுமானால் அதையே வாங்குங்கள். ஆனால், ரெடிமேட் சென்சார் சொல்லும் எண்ணையும் ஒருநாள் யாராவது சந்தேகிப்பார்கள். அன்று எதை எதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருப்பவர்தான் டெஸ்ட் இன்ஜினீயர்.

ஓடுகிற மெஷின் நிற்கிற மாதிரி தெரிந்தால்

வெப்பநிலை மெதுவாக மாறும், அரை செகண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அதிர்வு அப்படி இல்லை. தையல் மெஷின் நிமிடத்துக்கு 3,000 தையல் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். செகண்டுக்கு 50 முறை ஊசி ஏறி இறங்குகிறது. நீங்களும் செகண்டுக்குச் சரியாக 50 முறை அளவெடுத்தால், ஒவ்வொரு முறையும் ஊசியை ஒரே இடத்தில்தான் பார்ப்பீர்கள். வரைபடத்தில் நேர்கோடு. மெஷின் ஓடவே இல்லை என்று தோன்றும். 49 முறை எடுத்தால், செகண்டுக்கு ஒருமுறை சோம்பலாக ஆடுவதாகத் தெரியும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது இதே ஏமாற்றுதான். 50-ஐப் பார்க்க 100-க்கு மேல் அளவெடுத்தாக வேண்டும். நடைமுறையில் 500 எடுப்பது நல்லது.

இதை இன்று மாலையே போனில் பார்க்கலாம். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப் இருக்கிறது. அதில் முடுக்க அலைமாலை என்ற சோதனையைத் திறந்து, போனை மெஷின் மேஜை மேல் வைத்து, மெஷினை மெதுவாக ஓட்டி, பிறகு வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். உங்கள் போன் செகண்டுக்கு எத்தனை அளவு எடுக்கிறதோ, அதில் பாதிக்கு மேல் வேகம் போனால் எண் உளற ஆரம்பிக்கும்.

இதே ஆர்வத்தில் மோட்டார் கரன்ட்டை அளக்க 230 வோல்ட் லைனை ஆர்டுயினோவில் செருகிவிடாதீர்கள். போர்டு மட்டும் அல்ல, உயிரும் போகும். வயரை வெட்டாமல் வெளியில் இருந்தே பிடிக்கும் கிளாம்ப் வகை சென்சார் கடையில் கிடைக்கிறது.

இலவசம், ஆனால் யாருக்கு?

சொன்ன நிபந்தனை இதுதான். கம்யூனிட்டி எடிஷன் சொந்தப் பயிற்சிக்கும் பொழுதுபோக்கு முயற்சிக்கும் மட்டுமே. வருமானம் வரும் தொழிலில் பயன்படுத்தக் கூடாது. பட்டம் தரும் கல்லூரிகளின் பாடத்துக்கும் ஆராய்ச்சிக்கும் கூடாது. அவர்களுக்குத் தனி உரிமம். நீங்கள் வீட்டில் கற்றுக்கொண்டு, அதே ஃபைலை அப்பாவின் யூனிட்டிலோ மாமாவின் மில்லிலோ தினசரி ஓடவிட்டால் அது உரிம மீறல். ‘நம்ம ஊர்ல யார் வந்து பார்க்கப் போறா’ என்பது பதில் அல்ல. நாளைக்கு அதையே நாலு மில்லுக்கு விற்கலாம் என்று நினைத்தால் முதல் கேள்வியே அதுதான் வரும். வணிக உரிமமோ சின்ன யூனிட்டுக்குக் கட்டுப்படியாகாத விலை.

அந்த இடத்துக்கு நோட்-ரெட் பொருந்தும். 2013-ல் ஐபிஎம் வெளியிட்டது, திறந்த மூல மென்பொருள், தொழிலிலும் செலவில்லாமல் பயன்படுத்தலாம். ராஸ்ப்பெர்ரி பையில் ஓடும், முடிவுகளைப் போனில் பார்க்கலாம். இதிலும் பெட்டியும் வயரும்தான். ஆனால் ஒரு வித்தியாசத்தில் லேப்வியூ பழகியவர்கள் தடுக்கி விழுவார்கள்: நோட்-ரெட் பெட்டி எல்லாம் வரும் வரை காத்திருக்காது. எது முதலில் வந்தாலும் வேலையைத் தொடங்கிவிடும். கை வந்த உடனே, உடம்பு இல்லாமலே தைக்கப் போவது மாதிரி. இரண்டும் சேர்ந்த பிறகு ஓட வேண்டும் என்றால் ‘ஜாயின்’ பெட்டியை நீங்களே வைக்க வேண்டும். உலர்ந்த, நனைந்த இரண்டு அளவுகளும் நமக்கு ஒரே நேரத்தில் வேண்டும் என்பதால் மேலே சொன்ன கருவிக்கு அது கட்டாயம்.

வேலை உங்கள் குறி என்றால் லேப்வியூவை விட வேண்டாம். வாகன மின்னணுவியல், செமிகண்டக்டர் சோதனைக்கூடங்களில் பல வருடமாக எழுதிக் குவித்த விஐக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் திறந்து படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். கூடவே பைத்தானும் கேட்பார்கள். நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நடத்தும் கிளாட் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் தேர்வு இருக்கிறது. அதற்கு முதல் மாதமே பணம் கட்ட வேண்டியதில்லை. புத்தகமாகப் படிக்க விரும்புபவர்களுக்கு, கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர் ஜோவிதா ஜெரோம் 2010-ல் ஆங்கிலத்தில் எழுதிய ‘வெர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்டேஷன் யூசிங் லேப்வியூ’ நம் பாடத்திட்ட ஒழுங்கிலேயே போகும். திரைகள் பழைய பதிப்பின் படங்கள், அடிப்படை மாறவில்லை.

நேர்காணலுக்குப் போகும்போது லேப்டாப்பில் அந்த இரட்டைத் தெர்மாமீட்டர் விஐயையும், டம்ளர் சோதனையில் குறித்த எண்களையும் கொண்டுபோங்கள். எந்தத் தேதி, 5 வோல்ட் உண்மையில் எவ்வளவு இருந்தது, எந்த சென்சார் எத்தனை டிகிரி தள்ளிக் காட்டியது என்று ஒரு நோட்டில் இருந்தால் போதும். ஐப்பசி மழை தொடங்கியதும் அதே டம்ளரை மறுபடி எடுத்து, அந்த 0.6 இன்னும் 0.6-ஆகவே இருக்கிறதா என்று பார்த்துப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.